‘பூனைக்குப் போய் இப்படி அழுவாங்களா?’

கேள்வி:

டாக்டர், எங்கள் மிளகு போய் இன்றோடு பத்தொன்பது நாள். நாலரை வயது ஆண் பூனை. ஓர் ஐப்பசி மழையில் எங்கள் தெரு சாக்கடையோரம் அவனும் அவன் தங்கச்சியும் நனைந்துபோய்க் கத்திக்கொண்டு கிடந்தார்கள். எடுத்து வந்து மிளகு, சீரகம் என்று பெயர் வைத்தோம். அன்றைக்குக் காலை ஐந்தரைக்கு நான் டிகாக்‌ஷன் போட்டுக்கொண்டிருந்தபோது வழக்கம்போலக் காலைச் சுற்றி வந்தான். கொஞ்சம் மீன் தின்றான். பத்து நிமிஷத்தில் கூடத்திலிருந்து ஓர் அலறல். ஓடிப்போய்ப் பார்த்தால் பின்னங்கால் இரண்டையும் இழுத்துக்கொண்டு வருகிறான். வாயைத் திறந்து மூச்சு வாங்கினான். பாம்பு கடித்துவிட்டதோ என்று காலைத் தூக்கிப் பார்த்தேன். ஐஸ் மாதிரி சில்லென்று இருந்தது. ரோஜா நிறத்தில் இருக்கும் பாதம் நீலமாகிவிட்டது. துண்டில் சுற்றிக்கொண்டு ஆட்டோவில் ஓடினேன். டாக்டர் வர எட்டு மணி ஆகும் என்றார்கள். வேறு இடம் தேடிப் போகும் வழியில் என் மடியிலேயே அடங்கிவிட்டான்.

அதற்கு முந்தின வாரம் கொஞ்சம் அதிகமாகத் தூங்கினான். வெயில் என்று விட்டுவிட்டேன். மீன் முள்ளாக இருக்குமோ? நான் கவனித்திருந்தால் பிழைத்திருப்பானோ? போன வருஷம் காலமான மாமனார் இருந்தவரை அவர் ஈஸிசேரில், அவர் மடியில்தான் மிளகு படுப்பான். மாமனார் போனபோதுகூட நான் இவ்வளவு அழவில்லை. நான் மோசமானவளா? ‘பூனைக்குப் போய் இப்படி அழுவாங்களா’ என்கிறார் மாமியார். அவரே ‘பூனை பாவம் பொல்லாதது, ஏதாவது பரிகாரம் பண்ணு’ என்றும் சொல்கிறார். ஏழு வயது மகளிடம் மிளகு அம்மாச்சி ஊருக்குப் போயிருக்கிறான் என்று சொல்லி வைத்திருக்கிறோம். சீரகம் வீடெல்லாம் கத்திக்கொண்டு தேடுகிறாள். துபாயில் இருக்கும் கணவர் பெர்சியன் பூனை வாங்கலாம் என்கிறார். அவனைச் சுற்றிய துண்டை நான் இன்னும் துவைக்கவில்லை.

— பெயர் வேண்டாம், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்:

உங்கள் கடிதத்தைச் சுருக்கித்தான் மேலே தந்திருக்கிறேன். முழுக் கடிதத்தில் ‘நான் கவனித்திருந்தால்’ என்று ஆறு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். எண்ணிப் பார்த்தேன். அதனால் மாமியார், பரிகாரம், பெர்சியன் பூனை எல்லாம் அப்புறம். முதலில் மிளகுக்கு என்ன ஆயிற்று என்று பார்த்துவிடுவோம்.

திடீரென்று ஓர் அலறல். பின்னங்கால் இரண்டும் ஒரே நேரத்தில் செயலிழந்துபோகின்றன. பாதம் சில்லிட்டு நிறம் மாறுகிறது. வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறது. இத்தனையும் சேர்ந்து வந்தால் பூனைகளுக்கு வைத்தியம் பார்ப்பவர்கள் முதலில் நினைப்பது ஒன்றைத்தான். இதயத்துக்குள் உறைந்த ரத்தக் கட்டி ஒன்று பெருந்தமனி வழியாகக் கீழே இறங்கியிருக்கிறது. அந்தத் தமனி பின்னங்கால்களுக்காகக் கிளை பிரியும் கவட்டில் போய் அது அடைத்துக்கொண்டுவிடும். அந்த நொடியிலிருந்து இரண்டு கால்களுக்கும் ரத்தம் கிடையாது. சில்லிட்டதும் நீலம் பாரித்ததும் அதனால்தான். உடற்கூறு ஆய்வு செய்யாமல் நூற்றுக்கு நூறு இதுதான் என்று எந்த டாக்டரும் சொல்லக்கூடாது. ஆனால் பாதத்தைத் தூக்கிப் பார்த்ததை நீங்கள் எழுதியிருந்த விதத்தைப் படித்தபின் எனக்குப் பெரிய சந்தேகம் இல்லை. கட்டுவிரியன் தீண்டியிருந்தால் உடம்பு மெல்ல மெல்லத் துவளும். பின்னங்கால்கள் மட்டும் இப்படிச் சில்லிடாது. மீன் முள் தொண்டையில் சிக்கினால் எச்சில் வடியும், முன்னங்காலால் வாயைப் பிறாண்டும். பின்னங்கால் விழாது. நீங்கள் போட்ட மீனுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

கட்டி எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் இதயத் தசை தடித்துப்போகும் ஒரு நோயிலிருந்துதான். ஹைப்பர்டிராபிக் கார்டியோமயோபதி என்று பெயர். பூனைகளுக்கு வரும் இதய நோய்களில் இதுதான் அதிகம். சுவர் தடிக்கத் தடிக்க உள்ளே இடம் குறையும், இடது மேலறை வீங்கும், அங்கே ரத்தம் தேங்கி உறையும். இதெல்லாம் வெளியே தெரியாது. இங்கிலாந்தில் காப்பகங்களில் இருந்த, பார்வைக்கு ஆரோக்கியமான 780 பூனைகளைப் பரிசோதித்த ஆய்வு ஒன்று 2015-இல் வெளிவந்தது. அதில் 100-க்கு ஏறக்குறைய 15 பூனைகளுக்கு இந்தத் தடிப்பு இருந்தது. அவை தின்றன, குதித்தன, விளையாடின. பல பூனைகள் இந்த நோயோடே வயதாகி வேறு காரணத்தால் சாகின்றன. சிலவற்றுக்கு முதல் அறிகுறியே கடைசி நாளாக அமைந்துவிடுகிறது. மிளகு அந்தச் சிலவற்றில் ஒருவன்.

என் வீட்டுக் கதையையும் சொல்கிறேன். நான் இந்தத் தொழிலுக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. எங்கள் வீட்டில் ஒரு சாம்பல் நிறப் பூனை இருந்தது. மாதம் ஒருமுறை ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்பேன். அதற்குக் குளிர்ந்த வட்டம் பிடிக்காது, கையை லேசாகக் கடிக்கும். ஒருநாள் மத்தியானம் நான் சாப்பிட வந்தபோது மாடிப்படியின் மூன்றாவது படியில் செத்துக் கிடந்தது. அறுத்துப் பார்த்ததில் இதயச் சுவர் தடித்திருந்தது. இத்தனைக்கும் ஒருமுறைகூட எனக்கு ஒரு முணுமுணுப்புச் சத்தம் கேட்டதில்லை. இந்த நோய் இருந்தும் சத்தம் வராத பூனைகள் நிறைய. எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். என் காதுக்கே எட்டாதது, அடுப்படியில் நின்றுகொண்டிருந்த உங்கள் கண்ணுக்கு எப்படி எட்டும்? அதிகத் தூக்கம் என்கிறீர்கள். நல்ல ஆரோக்கியமான பூனையே ஒரு நாளில் 12 மணி நேரத்துக்கு மேல் தூங்கும். கோடை வெயிலில் அது இன்னும் கூடினால் நானும் வெயில் என்றுதான் விட்டிருப்பேன்.

அடுத்தது எட்டு மணி விஷயம். காலை ஆறு மணிக்கே ஒரு டாக்டர் கதவைத் திறந்திருந்தால் வலிக்கு ஊசி போட்டிருப்பார், ஆக்சிஜன் வைத்திருப்பார். இரண்டு பின்னங்காலும் இப்படி விழுந்து, மூச்சும் வாங்கத் தொடங்கிவிட்ட பூனைகளில் பெரும்பாலானவை எவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியிலும் பிழைப்பதில்லை. பிழைத்த சிலவற்றுக்கும் மறுபடி கட்டி வந்து அடைப்பது சகஜம். அவனுக்கு வலித்ததா என்று கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தீர்கள். வலித்திருக்கும். அதில் பொய் சொல்ல மாட்டேன். வலி ஊசி கிடைக்காமல் போனது வருத்தம்தான். ஆனால் நீங்கள் சொல்லும் கணக்கில் பார்த்தால் எல்லாம் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்திருக்கிறது. அந்த ஒரு மணி நேரமும் அவன் தெரிந்த வாசனையுள்ள துண்டில், தெரிந்த மடியில் இருந்தான்.

ஆக, இந்தக் குற்ற உணர்ச்சியை என் தொழில் அறிவை வைத்தே உங்களிடமிருந்து வாங்கிக்கொள்ள முடியும். பூனை பாவமும் இதோடு சேர்த்தி. பூனையைக் கொன்றவருக்குத்தான் அந்தப் பேச்செல்லாம். சாக்கடையிலிருந்து எடுத்து நாலரை வருஷம் சோறு போட்டவருக்கு எதற்குப் பரிகாரம்? மாமியார் மனசுக்காக ஒரு விளக்கு ஏற்ற வேண்டுமென்றால் ஏற்றுங்கள். பயந்துபோய் ஏற்ற வேண்டாம்.

துக்கத்தை மட்டும் என்னால் வாங்கிக்கொள்ள முடியாது. அதற்கு மருந்து எழுதவும் மாட்டேன்.

பூனைக்கு அழலாமா என்று கேட்கிறீர்கள். திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்று ஓர் ஊர். அங்கே மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது, ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கால்நடைகளைக் காக்கும் சண்டையில் செத்த வீரனுக்கு எடுத்த கல். அதில் அவனோடு அவன் நாயும் நிற்கிறது. கல்வெட்டில் அந்த நாயின் பெயரையும் வெட்டியிருக்கிறார்கள்: கோவிவன். இரண்டு திருடர்களைக் கடித்து, அங்கேயே காத்து நின்றது என்று எழுதியிருக்கிறது. தமிழ் மண்ணில் மனிதனுக்குக் கல் வைத்தவர்களே நாயையும் அதே கல்லில் நிறுத்தியிருக்கிறார்கள். நாய் காவல் காத்தது, பூனை என்ன செய்தது என்று உங்கள் மாமியார் கேட்கக்கூடும். கேட்கட்டும். மாமனாரின் மடியில் படுத்திருந்தது என்று சொல்லுங்கள்.

கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது உண்மையில் அந்த வரிதான். நீங்கள் அதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். நான் மனநல மருத்துவர் இல்லை. ஆனால் செத்த பிராணியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களை நிறையப் பார்த்தவன். மாமனார் போனபோது வீடு நிறைய ஆட்கள் இருந்திருப்பார்கள். பந்தல் போட ஒருவர், பால் தெளிக்க ஒருவர், பதினாறாம் நாள் வரை வந்தவர்களுக்குக் காபி போட்டே உங்களுக்கு இடுப்பு ஒடிந்திருக்கும். மருமகளுக்கு உட்கார்ந்து அழ நேரம் ஏது? மிளகு போன அன்று யாரும் வரவில்லை. சமையலை முடித்து, மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, கொல்லையில் நீங்களே குழி வெட்டியிருக்கிறீர்கள். ஊர் ஒத்துக்கொள்ளாத இந்த மாதிரி துக்கத்துக்குக் கென்னத் டோகா என்ற அமெரிக்க ஆய்வாளர் 1989-இல் ஒரு பெயரே வைத்தார். உரிமை மறுக்கப்பட்ட துக்கம் என்று சொல்லலாம். பந்தலும் கிடையாது, துக்கம் கேட்க வருவோரும் கிடையாது. அதனால் அதை ஒருத்தரே முழுதாகச் சுமக்க வேண்டியிருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. மாமனாரோடு ஒரு நாளில் நீங்கள் நாலு வார்த்தை பேசியிருப்பீர்கள். மிளகு காலை ஐந்தரையிலிருந்து ராத்திரி விளக்கை அணைக்கும்வரை காலடியிலேயே கிடந்தவன். டிகாக்‌ஷன் போடும்போது, துணி மடிக்கும்போது, கணவரோடு வீடியோ காலில் பேசும்போது. அத்தனை இடத்திலும் இப்போது அவன் இல்லை. அழுகை அதிகம் வருவதற்கு அதுவே போதுமான காரணம். யார் மேல் பாசம் அதிகம் என்று இதை வைத்து அளக்காதீர்கள். அதோடு, அந்த ஈஸிசேரில் மாமனாருக்குப் பின் படுத்திருந்தவன் அவன்தான். இப்போது அதுவும் காலி. நீங்கள் அழுவதில் கொஞ்சம் மாமனாருக்கான பங்கும் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்தக் கண்ணோடு மாமியாரையும் ஒருமுறை பாருங்கள். கணவர் போய் ஒரு வருஷம்கூடச் சரியாக ஆகவில்லை. ‘அவருக்கு அழாதவள் இதற்கு அழுகிறாளே’ என்று அவருக்கு உள்ளுக்குள் சுருக்கென்று இருக்கலாம். அதை வாய்விட்டுச் சொல்ல முடியாமல் பூனை மேல் பழி போகிறது. வாதாடிப் பிரயோஜனம் இல்லை. ஒரு சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து, ‘அத்தை, மாமா இவனுக்கு என்ன கொடுத்துப் பழக்கினார்?’ என்று கேட்டுப் பாருங்கள். பேசுவார் என்று நினைக்கிறேன். பேசாவிட்டாலும் நஷ்டமில்லை.

மகள் விஷயத்தில் நீங்கள் செய்தது சரியில்லை. இதை இந்த வாரமே திருத்துங்கள். அம்மாச்சி ஊருக்குப் போயிருக்கிறான் என்றால் அவள் காத்துக்கொண்டிருப்பாள். ஏன் தன்னிடம் சொல்லாமல் போனான், ஏன் திரும்பி வரவில்லை என்று யோசிப்பாள். சில நேரம் தான் வாலைப் பிடித்து இழுத்ததுதான் காரணம் என்று தானாகவே முடிவு கட்டிக்கொள்வாள். ‘தூங்கிவிட்டான்’ என்பதும் வேண்டாம். அப்புறம் தூங்கப் போகவே பயப்படும் குழந்தைகளை எனக்குத் தெரியும். நேராகச் சொல்லுங்கள்: ‘மிளகு செத்துப்போயிட்டான். அவனுக்கு இதயத்தில் ஒரு நோய் இருந்தது, நமக்குத் தெரியவில்லை. இனிமேல் வரமாட்டான். அம்மா அன்றைக்கு உன்னிடம் பொய் சொல்லிவிட்டேன், தப்புதான்.’ அழுவாள். அழட்டும், கூட நீங்களும் அழலாம். நீங்களும் செத்துப்போவீர்களா என்று கேட்பாள். ‘எல்லாரும் ஒருநாள் போவோம். அம்மா ரொம்ப நாள் உன் கூட இருக்கத்தான் பார்த்துக்கிறேன்’ என்றால் போதும். புதைத்த இடத்தைக் காட்டுங்கள். மூன்றடி ஆழம் இருக்கிறதல்லவா? இல்லையென்றால் மேலே நாலு கருங்கல்லை அடுக்குங்கள். தெரு நாய் தோண்டி, குழந்தை அதைப் பார்க்க நேரக்கூடாது.

துண்டைத் துவைக்கத் தோன்றும்போது துவையுங்கள். மிளகுக்கு வந்தது தொற்றுநோய் இல்லை, அதனால் கிருமி பயம் வேண்டாம். அவன் தட்டு, படுக்கை எதையும் எரிக்கத் தேவையில்லை. பெர்சியன் பூனையைப் பற்றிக் கணவரிடம் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்த இனத்துக்கும் இதே இதய நோய் வரும், சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் வரும் பரம்பரைக் கோளாறும் உண்டு. பாவம், அவர் தூரத்திலிருந்து தன்னால் முடிந்ததைச் சொல்கிறார். பூனை வேண்டாம், தினமும் பத்து நிமிஷம் மிளகைப் பற்றிப் பேசினால் போதும் என்று கேளுங்கள்.

இப்போது சீரகம். நீங்கள் அதிகம் எழுதாதது இவளைப் பற்றித்தான், என் கவலை அதிகம் இவள் மேல்தான். கூடப் பிறந்தவள். இந்த இதயத் தடிப்பு குடும்பத்தில் வரக்கூடியது. இவளுக்கும் இருந்தே தீரும் என்று அர்த்தமில்லை, ஆனால் ஒருமுறை எக்கோ எடுத்துவிடுவது நல்லது. உங்கள் மாவட்டத்திலேயே ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. போன் செய்து எக்கோ எடுக்கும் நாளைக் கேட்டுக்கொண்டு போங்கள். கூடையில் வைத்துத் துணியால் மூடிக் கொண்டுபோனால் அவளுக்குப் பயம் குறையும். இதயத்தின் மேலறை வீங்கியிருந்தால் ரத்தம் உறையாமலிருக்க க்ளோபிடோக்ரெல் கொடுப்போம். மனிதர்களுக்குக் கொடுக்கும் அதே மாத்திரைதான், வழக்கமாகக் கால் துண்டு. படு கசப்பு, நுரை நுரையாகத் துப்பும். வீட்டில் மாமனாருக்கு வாங்கியது மிச்சம் இருக்கிறது என்று நீங்களே கொடுத்துவிடாதீர்கள். பாரசிட்டமாலும் கூடவே கூடாது. அதை முறித்து வெளியேற்றும் வழி பூனையின் ஈரலுக்குப் போதாது. ஒரே மாத்திரை உயிரை வாங்கிவிடும்.

அவள் கத்தித் தேடுவது சில வாரம் இருக்கும். தீனி வேளையை மாற்றாதீர்கள். சாப்பாட்டில் மட்டும் கண் வையுங்கள். பூனை இரண்டு நாள் எதையும் தொடவில்லை என்றால் உடம்பிலிருக்கும் கொழுப்பு ஈரலில் போய்ச் சேர ஆரம்பித்துவிடும், குண்டுப் பூனைக்கு இன்னும் சீக்கிரம். இரண்டாவது நாளே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.

உங்களுக்கும் அதே கணக்குதான். அழுகை வந்து போனால் பரவாயில்லை, அதற்குக் கெடு எதுவும் நான் வைக்கப்போவதில்லை. ஆனால் வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, வாழ்ந்து என்ன என்று தோன்றுகிறது என்றால் 14416-க்கு போன் செய்யுங்கள். டெலி மானஸ் என்ற அரசாங்கத்தின் இலவச மனநல உதவி எண். ராத்திரி பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். பூனைக்காக என்று சொல்லக் கூச்சப்பட வேண்டாம்.

கடைசியாக ஒரு வேலை தருகிறேன். சீரகம் அசந்து தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிஷம் எண்ணுங்கள். ஏறி இறங்கினால் ஒன்று. 30-க்குக் கீழே இருக்க வேண்டும். நல்ல பூனைக்குப் பெரும்பாலும் இருபதைச் சுற்றித்தான் இருக்கும். கனவு கண்டு மீசை துடிக்கும் நேரத்தில் எண்ணாதீர்கள், கணக்கு தப்பும். தொடர்ந்து 30-ஐத் தாண்டினால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் நேரம் காலம் பார்க்காமல் கிளம்புங்கள். உங்கள் ஊரில் ராத்திரியிலும் விடியற்காலையிலும் பார்க்கும் டாக்டர் யார் என்று இன்றைக்கே விசாரித்து, நம்பரைச் சமையலறைச் சுவரில் ஒட்டி வையுங்கள். மகளுக்கு எண்ணத் தெரியும் வயதுதான், அவளையும் கூட வைத்துக்கொள்ளுங்கள். ஏழு நாள் எண்ணிக்கையை நோட்டில் எழுதி எனக்கு அனுப்புங்கள், பார்த்துவிட்டு பதில் போடுகிறேன்.